இரண்டு பவுண் காப்பும் என் தராசும்

"தேத்தண்ணிக்குச் சீனி போடவே உங்களுக்கு அளவு தெரியாது, மச்சாள். நீங்கள் பியர் காய்ச்சப் போறியளோ?"

என் அண்ணனின் மனைவி இதைச் சொன்னபோது லண்டனில் தோர்ண்டன் ஹீத்தில் உள்ள எங்கள் வீட்டுச் சமையலறையில் ஐந்து பேர் இருந்தோம். நான்கு பேர் சிரித்தார்கள். ஐந்தாவது ஆளான நான் என் தேநீரை இன்னொரு வாய் குடித்தேன். உண்மையாகவே சீனி கூடிப் போயிருந்தது. முதலில் ஒரு கரண்டி போட்டு, குடித்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போட்டதை அவள் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். நானும் அவளும் ஒருவரையொருவர் மச்சாள் என்றுதான் கூப்பிடுவோம். அவள் என்னைவிட ஒரு வயது மூத்தவள். கேலியில் விஷம் எதுவும் இல்லை. விஷம் இருந்திருந்தால் எனக்குப் பதில் சொல்ல வசதியாக இருந்திருக்கும்.

அளவு தெரியாது என்று என்னிடம் யாரும் சொல்லக்கூடாது. எங்கள் குடும்பத்தில் படித்து முடித்த முதல் ஆள் நான். அம்மா இடம்பெயர்வுகளுக்கு நடுவில் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டார். அப்பா அந்த அளவுக்கும் போகவில்லை. அண்ணன் பதினைந்து வயதில் லண்டனுக்கு வந்து, ஆங்கிலம் பிடிபடும் முன்னரே வேலைக்குப் போய்விட்டார். நான் மட்டும்தான் பல்கலைக்கழகம் போய் இரசாயனவியல் படித்தேன். இப்போது குரோய்டன் பக்கம் தண்ணீர் பரிசோதிக்கும் ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்கிறேன். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தராசு இருக்கிறது. ஒரு கிராமைப் பத்தாயிரமாகப் பிரித்தால் வரும் துணுக்கைக்கூட அது காட்டும். பெட்டியின் கதவைத் திறந்துவைத்து மூச்சுவிட்டால் எண்கள் ஆடும். ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது முறை அதில் நிறுக்கிறேன். நிறுப்பதுதான் என் தொழில்.

மச்சாள் மன்னாரிலிருந்து கலியாணமாகி வந்து நான்கு வருடமாகிறது. அவளுடைய தகப்பனுக்குக் கடற்கரையில் மீன் நிறுத்து விற்கும் வாடி இருந்ததாம். படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. கதையின் வேர் அந்தச் சீனிக் கேலிக்கு முந்தைய கிறிஸ்மஸ். அவள் இஞ்சியும் முந்திரிகை வற்றல் என்கிற உலர்திராட்சையும் கராம்பும் போட்டு வைன் செய்தாள். மாதா கோயிலில் பூசை முடிந்து வந்தவர்களுக்குச் சின்னக் கிளாசில் ஊற்றிக் கொடுத்தாள். அப்பா ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளாசை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"லண்டனுக்கு வந்து இவ்வளவு காலத்தில இப்பிடி ஒண்டு என்ர வாயில படேல்லை," என்றார். பிறகு இன்னொரு கிளாஸ் கேட்டார். அவருக்குப் பின்னால் சுவரில் என் பட்டச் சான்றிதழ் சட்டம் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து யாரும் இன்னொன்று கேட்டதில்லை.

எனக்கு எரிந்தது. பொறாமை என்ற சொல்லை நான் அப்போது பயன்படுத்தவில்லை. "இதெல்லாம் சரியான முறையில்லை" என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். ஏனென்றால் அவள் அந்த வைனை எப்படி நிறுத்துச் செய்தாள் என்று நான் பார்த்திருந்தேன். கொழும்புக்குப் போகும்போது பெட்டி முப்பது கிலோவைத் தாண்டிவிடுமோ என்று பார்க்க, எங்களைப் போன்ற எல்லா வீடுகளிலும் கொக்கி போட்ட ஒரு தூக்குத் தராசு இருக்கும். மச்சாள் இஞ்சியையும் சீனியையும் கடைப் பையில் போட்டு, அந்தக் கொக்கியில் மாட்டி, கையை உயர்த்திப் பிடித்து நிறுத்தாள். நொதிக்கவைக்கும் ஈஸ்டை நிறுக்க, கலியாண நேரத்தில் நகை பார்க்க அம்மா வாங்கிய உள்ளங்கை அளவு தராசை எடுத்தாள். ஒன்று சூட்கேசுக்கு, மற்றது தங்கத்துக்கு. நான் வாசலில் நின்று சிரித்தேன். அந்த வைன்தான் அப்பாவின் கிளாசில் போனது.

பெப்ரவரியில் அப்பாவின் அறுபதாவது பிறந்தநாளைப் பற்றிப் பேச்சு வந்தது. யூன் மாதம், கோயில் ஹோலில். கேக் வெட்டியதும் அப்பாவின் கையில் கொடுக்கும் முதல் கிளாசில் என்ன ஊற்றுவது?

"அதுக்கென்ன யோசனை? இவ வைன் செய்வா," என்றார் அண்ணன்.

"நான் செய்யிறன்," என்றேன். "அப்பாவுக்கு விருப்பம் பியர். நான் வீட்டிலேயே பியர் காய்ச்சுறன்."

அப்போதுதான் மச்சாள் அந்தச் சீனிக் கதையைச் சொன்னாள். சிரிப்பு அடங்க, அம்மா முகத்தைச் சுருக்கினார்.

"பியரோ? பொம்பிளைப் பிள்ளை பியர் காய்ச்சினா கோயில்ல ஆக்கள் என்ன கதைப்பினம்?"

"மச்சாள் வைன் செய்தவாதானே அம்மா?"

"வைன் வேற. வைன் பூசைக்கு வைக்கிற சாமான்."

அப்பா தீர்ப்புச் சொன்னார். "ரெண்டு பேரும் செய்யுங்கோ. நல்லதை ஊத்துவம்."

அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை. யூன் மாதத்தில் அப்பாவின் கையில் இருக்கும் கிளாஸ் என்னுடையதாக இருக்க வேண்டும். இந்த வீட்டில் அளவு தெரிந்தவள் யார் என்பதை அந்தக் கிளாஸ் சொல்ல வேண்டும்.

பானை, வாளி, போத்தல்கள் எல்லாம் இரவலாகக் கிடைத்தன. ஆய்வுகூடத்தில் என்னோடு வேலை செய்யும் மலேசியத் தமிழர் ஒருவர் வீட்டில் பியர் காய்ச்சுபவர். புதிய வாளி வாங்கியதால் பழையதை எனக்குத் தந்தார். தராசு மட்டும் நானே தேர்ந்தெடுக்கப் போவதாகச் சொன்னேன்.

"ரெண்டு வாங்குங்க," என்றார் அவர். "மால்ட்டுக்குப் பெருசா ஒன்னு, ஹாப்சுக்கும் உப்புக்கும் சின்னதா ஒன்னு. ஒரே தராசுல எல்லாம் நடக்காது லா."

மால்ட் என்பது முளைக்கவிட்டு உலர்த்திய பார்லி. ஒரு வாளி பியருக்கு நான்கரைக் கிலோ வேண்டும். ஹாப்ஸ் கசப்புக்குப் போடும் காய்ந்த பூ. அது நாற்பது கிராம். தண்ணீரைப் பதப்படுத்தப் போடும் ஜிப்சம் என்ற வெள்ளைப் பொடி ஐந்தே கிராம். கிலோவை நிறுக்கும் தராசில் ஐந்து கிராமை நம்பி நிறுக்க முடியாது என்பது எனக்குத் தெரியாததல்ல. எங்கள் ஆய்வுகூடத்திலேயே பெரிய பாரத்துக்கு ஒரு தராசு, சின்ன பாரத்துக்கு ஒரு தராசு என்று தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறோம். புதிதாக வருபவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான்.

ஆனாலும் நான் ஒன்றைத்தான் தேடினேன். இரண்டு வாங்கினால் அது மச்சாளின் வழி. சூட்கேசுக்கு ஒன்று, தங்கத்துக்கு ஒன்று. அவளிடம் கற்றுக்கொண்டதுபோல் ஆகிவிடும் என்று நினைத்தேன். இதை இப்போது எழுதும்போது முகம் சுடுகிறது. அப்போது அது நியாயமான காரணமாகத்தான் பட்டது.

மூன்று வாரம் தேடினேன். டிராமில் போகும்போதும் வரும்போதும் தொலைபேசியில் தராசுகள். சிலவற்றில் தட்டு சின்னது. மேலே வாளியை வைத்தால் எண்கள் தெரியும் இடம் வாளிக்கு அடியில் மறைந்துவிடும். சில, இரண்டு நிமிடம் சும்மா விட்டால் தானாக அணைந்துவிடும். பாதி மால்ட் கொட்டிக்கொண்டிருக்கும்போது அணைந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். சிலவற்றுக்கு நீர் பட்டால் ஆகாது. இதையெல்லாம் அட்டவணை போட்டேன். ஒவ்வொன்றுக்கும் புள்ளி கொடுத்தேன். அண்ணன் ஒரு நாள் எட்டிப் பார்த்து, "எடி, நீ தராசு பாக்கிறியோ, மாப்பிள்ளை பாக்கிறியோ?" என்றார். மச்சாள் கழுவுதொட்டியடியில் நின்று, "மாப்பிள்ளைக்கு இவ்வளவு புள்ளி பாக்கமாட்டா," என்றாள்.

கடைசியில் ஒன்று கிடைத்தது. கறுப்புக் கண்ணாடித் தட்டு. பத்துக் கிலோ வரை தாங்கும். ஆனால் பத்தில் ஒரு கிராமையும் காட்டும் என்று பெட்டியில் பெரிதாக அச்சடித்திருந்தது. அணையாமல் வைத்திருக்கலாம். எண்கள் நீல வெளிச்சத்தில் தெரியும். ஒரே தராசு, எல்லா வேலைக்கும். வந்த அன்று அதைச் சமையலறை மேசையின் நடுவில் வைத்தேன். ஆய்வுகூடத்தில் ஒவ்வொரு காலையும் எடை தெரிந்த படிக்கல்லை வைத்துத் தராசைச் சோதித்த பிறகுதான் வேலையைத் தொடங்குவேன். வீட்டில் அதைச் செய்யவில்லை. பெட்டியில் எழுதியிருந்ததை நம்பினேன்.

மே மாதத்தின் முதல் சனிக்கிழமை காய்ச்சினேன். அம்மா கோயிலுக்குப் போய்விட்டார். வீடு முழுவதும் அவித்த தானிய மணம். மச்சாள் தேநீரோடு வந்து கதவோரம் சாய்ந்து நின்றாள். போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உண்மையைச் சொன்னால், அவள் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. மால்ட்டை நிறுத்தேன். ஹாப்சை நிறுத்தேன். எண்கள் அழகாக ஏறின.

"வடிவான தராசு," என்றாள் மச்சாள். பிறகு, "உங்கட லாப்பில கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஒண்டு இருக்கெண்டு அம்மா சொன்னவா. அதை ஒருக்காப் பாக்க ஏலுமோ?"

"ஏலாது. வெளியாக்களை விடமாட்டினம்."

அது பொய். வருடத்தில் ஒரு நாள், செப்டெம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, வேலை செய்பவர்களின் வீட்டாட்கள் வந்து பார்க்கலாம். அப்படி ஒரு நாள் இருப்பதை நான் வீட்டில் சொன்னதே இல்லை. அந்தக் கண்ணாடிப் பெட்டி ஒன்றுதான் எனக்கு மட்டுமே சொந்தமாக இருந்தது. அதற்குள்ளும் மச்சாள் வந்து கையை விடுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

பிறகு ஜிப்சம். சின்னக் கிண்ணத்தைத் தட்டில் வைத்து எண்ணைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தேன். ஐந்து கிராமுக்கு மேல் ஒரு துகளும் போகக்கூடாது என்பதால் கரண்டி நுனியால் எடுத்து, துளித் துளியாகப் போட்டேன். பூச்சியம். இன்னொரு துளி. பூச்சியம். இவ்வளவு நுணுக்கமாகப் போடுகிறேனே என்று எனக்கு என் மேலேயே பெருமை. கொஞ்சம் கழித்து எண் அசைந்தது. மறுபடி துளித் துளியாக. ஐந்தைத் தொட நீண்ட நேரம் எடுத்தது.

மச்சாள் கழுத்தை நீட்டிக் கிண்ணத்தைப் பார்த்தாள். "மச்சாள், இது கொஞ்சம் கூடவெல்லோ கிடக்கு?"

"தராசு அஞ்சு எண்டு சொல்லுது."

"கண்ணுக்கு அப்பிடித் தெரியேல்லை."

"கண்ணால நிறுக்கிறதெண்டால் நான் ஏன் தராசு வாங்கினனான்?"

அவள் தோளைக் குலுக்கிவிட்டுத் தேநீர்க் கோப்பையைக் கழுவினாள். எல்லாம் முடிந்த பிறகு பானையின் அடியில் பிடித்திருந்ததை அவள்தான் தேய்த்தாள். வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னேன். இரண்டாவது தடவை சொல்லவில்லை.

இரண்டு வாரம் வாளியில், இன்னும் இரண்டு வாரம் போத்தலில். அந்த நான்கு வாரமும் என் பியருக்கு நான் காவல் இருந்தேன். மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அலுமாரியில் வைத்திருந்தேன். ஒரு நாள் துடைப்பம் எடுக்கப் போனபோது, என் போத்தல்களுக்குப் பின்னால் பழைய துவாய் சுற்றிய ஒரு கண்ணாடிச் சாடி இருந்தது. துவாயை விலக்கினேன். இஞ்சி மிதந்தது. அவளும் செய்யலாம் என்று அப்பா சொன்னதுதான். ஆனாலும் ஒரு கணம், ஒரே கணம், மூடியைத் திறந்து உள்ளே எதையாவது போட்டால் என்ன என்று நினைத்தேன். துவாயை இறுக்கிச் சுற்றிவிட்டு வந்துவிட்டேன். அந்த நினைப்பைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை.

பிறந்தநாளுக்கு ஒரு வாரம் முன்னதாக, சனிக்கிழமை காலை, முதல் போத்தலைத் திறந்தேன். நுரை நன்றாக வந்தது. நிறம் தேன். ஒரு வாய் குடித்தேன். புதிதாகப் பூசிய சுவரை நக்கியதுபோல் இருந்தது. நாக்கு முழுவதும் சுண்ணாம்பு. அதன் மேல் வறண்ட ஒரு கசப்பு ஏறி, தொண்டையில் உட்கார்ந்து, இறங்க மறுத்தது. இரண்டாவது போத்தலைத் திறந்தேன். மூன்றாவதையும். எல்லாம் ஒரே சுவை.

அண்ணன் வேலை முடிந்து வந்து ஒரு வாய் குடித்துவிட்டு மரியாதையாக விழுங்கினார். பிறகு, "கேத்தில் அடியைச் சுரண்டிப் போட்டனியோ?" என்றார். லண்டன் தண்ணீருக்குக் கேத்தில் அடியில் வெள்ளையாகப் படியுமே, அதைச் சொன்னார். நான் ஈஸ்டைக் குறை சொன்னேன். தண்ணீரைக் குறை சொன்னேன். தண்ணீரைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை என்றும் அதே மூச்சில் சொன்னேன்.

மச்சாள் போய்த் தராசை எடுத்துவந்து மேசையில் வைத்தாள். தன் வலது கையிலிருந்த தங்கக் காப்பைச் சவர்க்கார நீர் தொட்டுக் கழற்றித் துடைத்தாள்.

"என்ர காப்பு ரெண்டு பவுண். பதினாறு கிராம்," என்றாள். எங்கள் பெண்களுக்குத் தங்கள் பிறந்த நாள் மறந்தாலும் நகையின் எடை மறக்காது. காப்பைத் தட்டில் வைத்தாள். நீல எண்கள் ஓடி நின்றன. பதினாறு தசம் பூச்சியம்.

"பாத்தியளோ? தராசு சரி," என்றேன். எனக்கு அவ்வளவு சந்தோசம்.

"பொறுங்கோ." அவள் உப்புப் போத்தலைத் திறந்து, இரண்டு விரலால் கொஞ்சம் கிள்ளி, காப்பின் நடுவில் மெதுவாகத் தூவினாள். எண் அசையவில்லை. இன்னொரு கிள்ளு. பதினாறுதான். பத்துப் பன்னிரண்டு கிள்ளு போட்டாள். தட்டில் சின்ன வெள்ளைக் குவியல் எழும்பிவிட்டது. எண் பதினாறிலேயே நின்றது. பிறகு காப்பை எடுத்து, உப்பை ஒரு காகிதத்தில் வழித்து, வெறும் கோப்பைத் தட்டு ஒன்றைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்கி, காப்பையும் உப்பையும் ஒரே தடவையில் அதில் போட்டாள். இருபது தசம் நான்கு.

"இது பொய் சொல்லேல்லை, மச்சாள். நித்திரை கொள்ளுது," என்றாள். "எங்கட வாடியில ஒரு துருப்பிடிச்ச தராசு நிண்டது. கூனி றாலை ஒவ்வொண்டாப் போட்டா அது எழும்பாது. வாங்க வாற ஆக்கள் வேணுமெண்டே அப்பிடித்தான் போடுவினம். அப்பா ஒருக்காத் தூக்கி வைச்சு எழுப்புவார்."

எனக்கு உடனே விளங்கியது. விளங்கியதுதான் அவமானம். மலிவான மின்தராசுகள் சின்னச் சின்ன அசைவுகளை ஆட்டம் என்று நினைத்துத் தள்ளிவிடும். எண் ஆடாமல் அழகாக நிற்பதற்காக அப்படிச் செய்திருப்பார்கள். துளித் துளியாகப் போட்டால் ஒவ்வொரு துளியையும் அது விழுங்கிவிடும். நான் ஐந்து கிராம் என்று நினைத்துப் பதினைந்தோ இருபதோ போட்டிருக்கிறேன். நுணுக்கமாகப் போட்டேன் என்ற அந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது. தேநீருக்குச் சீனி போட்ட அதே கைதான். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்.

அவள் செய்ததுதான் சரி. பெரிதுக்குப் பெரிது, சின்னதுக்குச் சின்னது. கிறிஸ்மசுக்கு முன்னரே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. புத்தகம் இல்லாமல், அட்டவணை இல்லாமல், என் மூன்று வாரம் இல்லாமல். என் வயிற்றில் எரிந்ததற்கு ஜிப்சம் காரணமில்லை.

"இப்ப காய்ச்சினா ஒரு கிழமையில வராது, என்ன?" என்று கேட்டாள்.

"வராது."

"அப்ப என்ர வைனை ஊத்துவம். ரெண்டு பேரும் சேர்ந்து செய்ததெண்டு சொல்லுவம்."

"வேண்டாம்," என்றேன்.

நாற்பது போத்தலையும் அன்றே கழுவுதொட்டியில் ஊற்றினேன். அண்ணன் கதவடியில் நின்று, "இண்டைக்கு லண்டன் எலியெல்லாம் தள்ளாடும்," என்றார். யாரும் சிரிக்கவில்லை. மச்சாள்கூடச் சிரிக்கவில்லை. அவள் சிரித்திருக்கலாம்.

ஹோலில் கேக் வெட்டினார்கள். மச்சாள் அப்பாவின் கையில் கிளாசைக் கொடுத்தாள். அப்பா குடித்துவிட்டுக் கண்ணை மூடித் திறந்தார். கோயிலில் பாடகர் குழுவை நடத்தும் மாமி ஒருவர் தன் கிளாசை முகர்ந்து பார்த்து, "ஆர் பிள்ளை செய்தது?" என்று கேட்டார்.

மச்சாள் என்னைப் பார்த்தாள். "வீட்டில செய்தது மாமி," என்றாள். எனக்கும் இடம் விட்டுத்தான் அப்படிச் சொன்னாள்.

"மச்சாள்தான் செய்தவா. எனக்கு இதில பங்கில்லை," என்றேன் நான்.

மாமி என் கன்னத்தைத் தட்டி, "எவ்வளவு நல்ல மனசு," என்றார். நல்ல மனசு இல்லை. அவள் கொடுக்கும் பாதியை வாங்க எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். அன்று முழுவதும் அப்பாவுக்குப் பக்கத்திலேயே நின்றேன், என் பியர் எங்கே என்று கேட்பார் என்று. கேட்டால் சொல்வதற்கு ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அப்பா கேட்கவில்லை. அவருக்கு அது நினைவிலேயே இல்லை. இரண்டாவது கிளாசோடு ஆடப் போய்விட்டார்.

யூலையில் இரண்டாவது தராசு வாங்கினேன். இந்த முறை அட்டவணை போடவில்லை. இருநூறு கிராமுக்கு மேல் தாங்காது, ஆனால் நூறில் ஒரு கிராமைக் காட்டும். உள்ளங்கைக்குள் அடங்கும், அம்மாவின் நகைத் தராசைப் போல. படிக்கல் எதுவும் கூட வரவில்லை. ஆய்வுகூடத்துப் படிக்கல்லை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. மேசையில் அதை வைத்துவிட்டு வெகுநேரம் நின்றேன். பிறகு கழுவுதொட்டியடியில் நின்றவளைக் கூப்பிட்டேன்.

"மச்சாள், உங்கட காப்பை ஒருக்காக் கழட்டித் தாங்கோ."

அந்த ஒரு வசனத்தைச் சொல்ல எனக்கு அவ்வளவு நேரம் பிடித்தது. அவள் ஒரு கேலியும் செய்யாமல் கழற்றித் தந்தாள். வைத்தேன். பதினைந்து தசம் எட்டு இரண்டு.

"இதுவும் பிழையான தராசு," என்றாள் உடனே.

"காப்புத்தான் குறைவு."

"என்ர காப்பு பதினாறு! அம்மா கலியாணத்துக்குச் செய்விச்சுத் தந்தது. நான் பில்லும் வைச்சிருக்கிறன்."

ஐம்பது பென்ஸ் நாணயம் எட்டுக் கிராம். அது எனக்குத் தெரியும். ஒன்றை வைத்தேன். சரியாக எட்டு. இன்னொன்றைச் சேர்த்தேன். பதினைந்து தசம் ஒன்பது ஒன்பது. தூக்கிவிட்டு மறுபடி வைத்தேன். அதே எண். காப்பை வைத்தேன். பதினைந்து தசம் எட்டு இரண்டு. முதல் தராசு எங்கள் இரண்டு பேருக்கும் பிடித்ததைச் சொல்லியிருந்தது.

என் வாய்க்குள் இனித்தது. மறைக்க விரும்பவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு மச்சாள் பிழையாகவும் நான் சரியாகவும் நின்றோம். அந்த இனிப்போடு அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் காப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள், யாரோ அவளுடைய அம்மாவைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டதுபோல. காப்பைக் கையில் எடுத்துத் திருப்பினேன். ஒரு பக்கத்துக் கொத்துவேலை மழுங்கி, வழவழவென்று கிடந்தது.

"உங்கட அம்மா குறைச்சுத் தரேல்லை," என்றேன். "தேய்ஞ்சிருக்கு. பாருங்கோ. பாத்திரம் தேய்க்கிற பக்கம்."

அவள் விரலால் தடவிப் பார்த்தாள். "ஓம்," என்றாள். "உங்கட பியர்ப் பானை தேய்ச்சதிலதான் போயிருக்கும்."

இரண்டு பேருமே சிரித்துவிட்டோம். ஆனால் அவள் விடவில்லை. "உங்கட லாப்பில, அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைச்சு நிறுத்துக் காட்டுங்கோ. அதில வாறதை நான் நம்புறன்."

இந்த வீட்டில் என் தராசு சொல்வதை நம்புகிறேன் என்று யாரும் அதுவரை சொன்னதில்லை. அதைச் சொல்ல வேண்டியவள் இவளா?

"ஆனா வெளியாக்களை விடமாட்டினம் எண்டியள்," என்றாள்.

"ஒரு நாள் விடுவினம்."

"எப்ப இருந்து?"

"எப்பவும்."

மச்சாள் காப்பைக் கையில் போட்டுக்கொண்டாள். கை எலும்பில் இறுகி, பிறகு உள்ளே போனது. "ஓகோ," என்றாள். கழுவ வேண்டிய கோப்பைகளை என் பக்கமாகத் தள்ளிவிட்டு மேலே போய்விட்டாள்.

போன சனிக்கிழமை மறுபடி காய்ச்சினேன். மால்ட்டைக் கறுப்புக் கண்ணாடித் தராசில் நிறுத்தேன். ஜிப்சத்தைச் சின்னத் தராசில், ஒரே கொட்டாகப் போட்டு, கிண்ணத்தைத் தூக்கி வைத்து, இரண்டு தடவை பார்த்தேன். மாடிப்படிக்குக் கீழே என் வாளியும் அவளுடைய சாடியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. இந்த முறை அவள் துவாய் சுற்றி மறைக்கவில்லை. அவளுடைய சாடிதான் முதலில் கொப்பளிக்கத் தொடங்கியது. எனக்கு இப்போதும் எரிகிறது. கிறிஸ்மசுக்கு அப்பா எதைக் கேட்பார் என்று தெரியாது.

ஆய்வுகூடத்துக்கு வீட்டாட்கள் வரும் அந்த வெள்ளிக்கிழமைக்கான படிவத்தில் வருபவரின் பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளபடி எழுதச் சொல்லியிருந்தார்கள். மச்சாளிடம் கேட்டு, எழுத்தெழுத்தாக எழுதினேன். வருகையின் நோக்கம் என்ற இடத்தில் ஒரு காப்பை நிறுக்க என்று போட்டு, நேற்றுக் காலை டிராமுக்கு நிற்கும்போதே அனுப்பிவிட்டேன்.